நாட்களை எண்ணுதல்: விரிதாளும் சேர்வராயன் மலைக் கணக்குகளும்

ஏற்காட்டில் காப்பியும் மிளகும் கொள்முதல் செய்யும் நண்பர் ஒருவர் தம் ஜகாத் கணக்கை எக்செல் விரிதாளில் எழுதி வருகிறார். அவருடைய தந்தையார் காலத்தில் அக்கணக்கு நீண்ட பேரேட்டில் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ரமளான் பிறை பிறந்ததும் தந்தையார் கிடங்கிலுள்ள மூட்டைகளை எண்ணுவார். கையிருப்பையும் வரவேண்டிய பாக்கியையும் கூட்டுவார். கொடுக்கவேண்டிய கடனைக் கழிப்பார். எஞ்சியதில் நாற்பதில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பார். மகன் பொறுப்பேற்ற ஆண்டில், அவர்கள் வீட்டுக் குறிப்பின்படி, ரமளான் முதல் நாள் 25-9-2006 அன்று வந்தது. மகன் அந்தத் தேதியை விரிதாளின் முதற் கட்டத்தில் இட்டார். அதன்கீழ், பன்னிரண்டு மாதம் கூட்டுமாறு ஒரு வாய்பாட்டை எழுதிக் கீழே இழுத்துவிட்டார். 25-9-2007, 25-9-2008 என்று தாள் தானே நிரப்பிக்கொண்டு போயிற்று. அந்தப் பட்டியலின்படியே அவர் பத்தொன்பது ஆண்டுகள் தவறாமல் ஜகாத் கொடுத்து வந்தார்.

2025ஆம் ஆண்டு செப்டம்பரில், வேறொரு ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள அந்தத் தாளை என்னிடம் காட்டினார். செப்டம்பர் 25 இப்போது ரமளானில் வருவதில்லை என்பதை அவர் அறியாதவர் அல்லர். "ஆண்டுக்கொரு முறை கொடுப்பதுதானே கடமை, நாள் எதுவாயினும் என்ன?" என்று அவர் எண்ணியிருந்தார். எண்ணத்தில் தவறில்லை. ஆனால் ஜகாத்துக்குரிய ஆண்டு பன்னிரண்டு பிறைகளால் ஆனது. தாள் எண்ணிய ஆண்டோ சூரியனைச் சுற்றி வருவது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 11 நாள் வேறுபாடு. பத்தொன்பது ஆண்டுகளில் அது 207 நாட்களாகச் சேர்ந்திருந்தது.

விரிதாளில் தேதிக் கணக்குச் செய்வோர் பெரும்பாலும் இத்தகைய இடத்தில்தான் தடுக்கி விழுகின்றனர். ஆகவே தேதி என்று நாம் இடுவதைத் தாள் என்னவாகக் கொள்கிறது என்பதிலிருந்து தொடங்குவது நலம்.

தாளுக்குத் தேதி என்பதே கிடையாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டும். 25-9-2006 என்று தட்டினால் அது 38985 என்ற எண்ணைச் சேமித்துக்கொண்டு, அந்த எண்ணின்மீது தேதி என்ற ஆடையைப் போர்த்திக் காட்டுகிறது. கட்டத்தின் வடிவமைப்பைப் பொது எண்ணாக மாற்றினால் ஆடை கழன்று எண் வெளிப்படும். எக்செல் கணக்கில் 1900ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் 1. அதற்கு மறுநாள் 2. இவ்வாறே ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று கூடும். 25-9-2025 என்பது 45925. முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால் 6940 நாட்கள். இந்தக் கழித்தலில் மாதமும் இல்லை, நெட்டாண்டும் இல்லை. ஆகவே பிழைக்கும் இடமில்லை. பன்னிரண்டு பிறைகள் கொண்ட ஆண்டு சராசரியாக 354.367 நாட்கள், அத்தகைய பத்தொன்பது ஆண்டுகளுக்கு 6733 நாட்கள். 6940இல் அதைக் கழித்தே மேற்சொன்ன 207ஐப் பெற்றேன்.

நேரமும் இவ்வெண்ணிலேயே அடங்குகிறது. நாளின் பகுதி தசமமாக எழுதப்படும்: நண்பகல் 0.5, மாலை 6 மணி 0.75. தாளின் நாள் நள்ளிரவில் மாறுகிறது. ஹிஜ்ரி நாளோ சூரியன் மறைந்ததும் மாறுகிறது. மாலை 7 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஆங்கிலத் தேதியைக் கொண்டு ஹிஜ்ரி நாள் காண்போர் ஒரு நாள் பின்தங்குவதற்கு இதுவே காரணம். நேரத்தோடு கூடிய எண்ணில் 0.25ஐக் கூட்டி முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் நாள் மாலை 6 மணிக்கு மாறிவிடும். ஏற்காட்டில் ஆண்டு முழுதும் சரியாக 6 மணிக்கே சூரியன் மறைவதில்லை. ஆயினும் பெரும்பாலான பதிவுகளுக்கு இது போதும்.

1900ஆம் ஆண்டைப் பற்றி ஒரு குறிப்பு. நானூறால் வகுபடாத நூற்றாண்டு ஆண்டுகள் நெட்டாண்டுகள் அல்ல. ஆகவே 1900இல் பிப்ரவரி 29 கிடையாது. எக்செல்லிலோ அந்த நாள் உண்டு. அதன் எண் 60. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாளில் இப்பிழை இருந்தது. அதன் கோப்புகள் தம்மிடமும் பிசகின்றி இயங்க வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் பிழையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டனர். லிப்ரே ஆபிஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் ஆகியவை எண்ணிக்கையின் தொடக்கத்தை 1899 டிசம்பர் 30க்குத் தள்ளி வைத்து, 1900 மார்ச் முதல் எக்செல்லோடு ஒத்துப்போகின்றன. பழைய மாக்கின்டாஷ் கணினிகளிலோ எண்ணிக்கை 1904இல் தொடங்கிற்று. அக்கோப்பிலிருந்து தேதிகளை வெட்டி விண்டோஸ் கோப்பில் ஒட்டினால் எல்லாம் 1462 நாட்கள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும், பின்னோக்கி நகரக்கூடும். எந்த நாளை முதல் நாளாகக் கொள்வது என்பது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு, தாளின் அறிவன்று.

இம்முறை கணினியோடு பிறந்ததும் அன்று. கி.பி. 973இல் குவாரஸ்மில் பிறந்த அபூரைஹான் அல்பிரூனி, ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் தம் 'அல்ஆஸாருல் பாகியா' என்னும் நூலை எழுதி, ஜுர்ஜானை ஆண்ட காபூஸ் இப்னு வஷ்ம்கீருக்குக் காணிக்கையாக்கினார். பாரசீகர், கிரேக்கர், யூதர், கிறித்தவர், அரபியர் எனப் பல சமூகத்தாரின் ஆண்டுக் கணக்குகளை அந்நூல் ஆராய்கிறது. நாள் என்பது எது, அது எப்போது தொடங்குகிறது என்ற வினாவோடுதான் அவர் தொடங்குகிறார் என்பது நோக்கத்தக்கது. ஒரு கணக்கின் தேதியை வேறொரு கணக்கின் தேதியாக மாற்றுவதற்கு வானியலார் கைக்கொண்ட வழி, முதலில் அதை ஒரு தொடக்கத்திலிருந்து கடந்த நாட்களின் எண்ணிக்கையாக ஆக்கிக்கொண்டு, பின்னர் அவ்வெண்ணிக்கையை மற்றதன் ஆண்டு, மாதம், நாளாகப் பிரிப்பது. விரிதாள் செய்வதும் இதுவே. அதே குவாரஸ்மின் பெயர் தாங்கிய அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே அல்கோரிதம் என்ற சொல் பிறந்தது என்பதை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை.

இனி, நண்பர் என்னிடம் கொண்டுவந்த ஐயம். அவருடைய கொள்முதல் தாளில், ஓர் ஆண்டின் மே மாதத்தில் காப்பிப் பழம் வாங்கியதாகப் பல வரிகள் இருந்தன. சேர்வராயன் மலையில் அராபிகா பழம் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை பறிக்கப்படுவது. மார்ச், ஏப்ரலில் மழை பெய்து பூத்த செடியில் மே மாதத்தில் பழம் ஏது? நடந்தது இதுதான். அவர் வாங்கிய புதிய கணினியில் தேதி அமைப்பு அமெரிக்க முறைப்படி இருந்தது. நாம் 5-12 என்று டிசம்பர் 5ஐ எழுதினோம். கணினி அதை மே மாதம் 12 என்று படித்துக்கொண்டது. 13-12 என்று எழுதியபோதோ பதின்மூன்றாம் மாதம் என ஒன்று இல்லாமையால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துவிட்டது. ஆகவே மாதத்தின் முதல் 12 நாட்களின் பதிவுகள் பெரும்பாலும் இடம்மாறின. எஞ்சியவை கணக்கிலேயே சேரவில்லை. எங்கும் பிழைச் செய்தி தோன்றவில்லை. கொடிய பிழைகள் இப்படித்தான் ஓசையின்றி வருகின்றன.

கண்டறிவதற்கு எளிய வழி உண்டு. வடிவமைப்பில் கைவைக்காத கட்டத்தில் எண் வலப்புறம் ஒட்டி நிற்கும். எழுத்து இடப்புறம் ஒட்டி நிற்கும். தேதி இடப்புறம் நின்றால் அது தேதியன்று. வராமல் தடுப்பதற்கு, மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதலாம். அல்லது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2019-12-05 என்று எழுதலாம். ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுவது கட்டாயம். இரண்டிலக்கம் மட்டும் தந்தால் நூற்றாண்டைத் தாளே ஊகித்துக்கொள்ளும். எக்செல் நெடுங்காலமாக 29 வரை உள்ளவற்றை 2000த்திலும், 30 முதல் உள்ளவற்றை 1900த்திலும் வைத்து வந்தது. கணினியின் அமைப்பைப் பொறுத்து இந்த எல்லையும் மாறும்.

நாட்களைக் கூட்டுவது எளிது. மாதங்களைக் கூட்டுவதே தொல்லை. மாதம் என்பது நிலையான அளவன்று. ஜனவரி 31க்கு ஒரு மாதம் கூட்டினால் என்ன? எக்செல்லின் ஈடேட் என்ற சார்பு பிப்ரவரியின் கடைசி நாளைத் தரும். அதிலிருந்து மேலும் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28 வரும், 31 வராது. வாடகை, தவணை முதலியவற்றைப் பட்டியலிடுவோர் ஒவ்வொரு வரியையும் முந்தைய வரியிலிருந்து கணக்கிடாமல் முதற் தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்பது இதனால்தான். இரு தேதிகளுக்கிடையே ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்துச் சொல்லும் டேட்டிஃப் என்ற சார்பும் லோட்டஸிலிருந்து வந்ததே. அதன் நாட்பகுதி சில வேளை தவறாக வரும் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே எச்சரிக்கிறது.

மாதக் கணக்கு வெறும் வசதிப் பொருளாக இல்லாத இடங்களும் உண்டு. கணவனை இழந்த பெண்ணின் இத்தாக் காலம் நான்கு மாதமும் பத்து நாளும் (கருவுற்றிருப்பவளுக்குப் பேறுகாலம் வரை). அம்மாதங்கள் பிறை மாதங்கள். ஈடேட் சார்பைக்கொண்டு நான்கு மாதம் கூட்டிப் பின் பத்து நாள் சேர்த்தால் ஆங்கில மாதக் கணக்கில் 130 முதல் 133 நாட்கள் வரும். பிறை மாதத் தொடக்கத்திலேயே கணவன் இறந்திருந்தால் நான்கு பிறைகளுக்குச் சுமார் 118 நாட்கள், பத்து சேர்த்து 128. மாதத்தின் இடையில் இறந்திருந்தால், 130 நாட்களாக எண்ண வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. முதல் மாதத்தை மட்டும் முப்பது நாளாக நிறைவுசெய்து, இடைப்பட்ட மாதங்களைப் பிறையின்படியே கொள்வது பிற இமாம்கள் சிலரின் கருத்து. எவ்வழி கொண்டாலும் தாளின் ஆங்கில மாதங்கள் அதற்கு அளவுகோல் ஆகா. ஒரு வாய்பாட்டின் கவனக்குறைவால், துயருற்ற ஒரு பெண் தனக்கு விதிக்கப்படாத சில நாட்களைக் கூடுதலாகக் காத்திருக்க நேர்வது சிறிய பிழையன்று.

ஆகவே தாளுக்கு ஹிஜ்ரி ஆண்டைக் கற்பிக்க வேண்டும். எக்செல்லில் தேதியை ஹிஜ்ரியாகக் காட்டும் வடிவமைப்பு உண்டு. எனினும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய, வாய்பாட்டை நாமே எழுதிப் பார்ப்பது நல்லது. இடைக்கால வானியலார் வகுத்த அட்டவணைமுறை இதற்கு அடிப்படை. அதில் மாதங்கள் 30, 29 என்று மாறி மாறி வரும். முப்பது ஆண்டுகள் ஒரு சுற்று. அதில் 2, 5, 7, 10, 13, 16, 18, 21, 24, 26, 29 ஆகிய பதினோர் ஆண்டுகளில் துல்ஹஜ் மாதத்துக்கு ஒரு நாள் கூடும். சுற்றுக்கு மொத்தம் 10631 நாட்கள். தொடக்கம், பழைய ஜூலியன் கணக்கில் கி.பி. 622 ஜூலை 16, வெள்ளிக்கிழமை.

முதற்படி: எக்செல் எண்ணோடு 466579ஐக் கூட்டுக. இது ஹிஜ்ரி முதல் ஆண்டு முஹர்ரம் முதல் நாளிலிருந்து கடந்த நாட்களின் எண்ணிக்கை. இரண்டாம் படி: அதை 30ஆல் பெருக்கி, 10646ஐக் கூட்டி, 10631ஆல் வகுத்து, முழு எண்ணை மட்டும் கொள்க, அது ஹிஜ்ரி ஆண்டு. அவ்வாண்டு தொடங்கும் முன் கடந்த நாட்களைக் காண, ஆண்டில் ஒன்றைக் குறைத்து 354ஆல் பெருக்கி வைத்துக்கொள்க. ஆண்டை 11ஆல் பெருக்கி 3 கூட்டி 30ஆல் வகுத்த முழு எண்ணை அதனோடு சேர்க்க. இதை மொத்த நாட்களிலிருந்து கழித்தால் ஆண்டுக்குள் கடந்த நாட்கள் கிடைக்கும். அதை 29.5ஆல் வகுத்த முழு எண்ணோடு ஒன்று கூட்டினால் மாதம். மாதத்தில் ஒன்றைக் குறைத்து 29.5ஆல் பெருக்கி, பின்னம் வந்தால் மேல்நோக்கி முழுமையாக்கிக் கழித்து, ஒன்று கூட்டினால் நாள். நெட்டாண்டின் கடைசி நாளில் மட்டும் இவ்வாய்பாடு பதின்மூன்றாம் மாதம் என்று சொல்லும். ஆகவே மாதம் 12ஐத் தாண்டாதபடி ஒரு வரம்பு இட வேண்டும். (நான் முதன்முறை எழுதியபோது இதை மறந்தேன், சில ஆண்டுகளுக்கொரு முறை மட்டுமே தலைகாட்டும் பிழையாதலால் நெடுநாள் கண்ணில் படவில்லை.)

சோதித்துப் பார்ப்போம். 1-1-2000இன் எண் 36526. 466579ஐக் கூட்ட 503105. இரண்டாம் படியில் 1420.73, ஆண்டு 1420. அவ்வாண்டுக்கு முன் கடந்தவை 502846, எஞ்சுபவை 259. மாதம் 9, அதற்கு முன் 236 நாட்கள் போக, நாள் 24. ஆக 1420 ரமளான் 24. 2000த்தின் புத்தாண்டு நோன்புக் காலத்தில் வந்ததை நினைவில் வைத்திருப்போர் உண்டு.

நண்பரின் 25-9-2006ஐ இட்டபோது 1427 ரமளான் 2 என்று வந்தது. அவர் தந்தையின் பேரேட்டிலோ ரமளான் 1. இரண்டும் பொய்யல்ல. அட்டவணை சராசரியைச் சொல்கிறது; பேரேடு அவ்வூரில் அறிவிக்கப்பட்ட பிறையைச் சொல்கிறது. ஆகவே தாளில் 'அறிவிக்கப்பட்ட பிறை' என்று தனி நிரல் ஒன்றை அமைத்து, வாய்பாடு தரும் நாளை முன்னறிவிப்பாக மட்டும் கொள்ளுமாறு செய்தோம். 25-9-2025க்கு அதே வாய்பாடு தந்தது 1447 ரபீஉல் ஆகிர் 2. ரமளான் 2இலிருந்து பத்தொன்பது ஆண்டும் ஏழு மாதமும் கடந்திருப்பது அப்போது அவர் கண்முன் நின்றது.

பொருளாதார அளவில் இது எவ்வளவு? சூரிய ஆண்டையே பின்பற்ற வேண்டிய நிறுவனங்களுக்கு, இரண்டரை விழுக்காட்டுக்குப் பதிலாக ஏறத்தாழ 2.577 விழுக்காடு என்ற விகிதத்தை இக்கால அறிஞர் சிலர் சொல்கின்றனர். இது 2.5ஐ 365ஆல் பெருக்கி 354ஆல் வகுத்ததே. பத்து இலட்ச ரூபாய்ச் சரக்குக்கு 25,000 ரூபாய் என்பது 25,770 ஆகிறது. ஆண்டுக்கு 770 ரூபாய் சிறிது போலத் தோன்றும். ஆனால் 33 சூரிய ஆண்டுகளில் 34 பிறை ஆண்டுகள் அடங்கிவிடுகின்றன. ஒரு முழு ஆண்டின் ஜகாத் ஏழையின் கைக்குப் போகாமலே நின்றுவிடும். கடந்த காலத்துக்கு என்ன செய்வது என்பது மார்க்க அறிஞரிடம் கேட்க வேண்டிய வினா, நண்பர் கேட்டுக்கொண்டார். நான் தாளை மட்டும் திருத்தினேன்.

பிறை ஆண்டும் சூரிய ஆண்டும் இப்படி விலகிச் செல்வதற்குப் பெரியதொரு சான்று அவருடைய தோட்டத்து நில ஆவணங்களிலேயே இருந்தது. தமிழ்நாட்டு வருவாய்த்துறைக் கணக்குகளில் இன்றும் பசலி ஆண்டு வழங்குகிறது. பசலி என்பது அறுவடையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பிறை ஆண்டு பருவங்களின் ஊடே நகர்ந்துகொண்டே இருப்பதால், அறுவடைக்குப் பின் வரி தண்டுவதற்கு அது பொருந்தவில்லை. ஆகவே அக்பர் காலத்தில் ஹிஜ்ரி எண்ணை அப்படியே எடுத்துச் சூரிய ஆண்டோடு பூட்டினர். தக்காணத்தில் ஷாஜஹான் அதை நடைமுறைப்படுத்தியது 1636இல், ஹிஜ்ரி 1046இல். எனவே நம் பகுதியில் இரண்டுக்கும் இடையே 590 என்ற வேறுபாடு நிலைத்தது. பழைய சென்னை மாகாணத்தில் ஜூலை நடுவில் தொடங்கிய இவ்வாண்டு 1855இல் ஜூலை 1க்கு மாற்றப்பட்டது.

விரிதாளில் பசலி காண்பது எளிது: ஆங்கில ஆண்டிலிருந்து 591ஐக் கழித்து, மாதம் ஜூலை அல்லது அதற்குப் பிந்தியதானால் ஒன்று கூட்டுக. 1-7-2025 அன்று பசலி 1435 பிறந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே ஹிஜ்ரி 1447 தொடங்கியிருந்தது. 1046இல் ஒன்றாக இருந்த இரு எண்களுக்கு இடையே இப்போது 12 ஆண்டு இடைவெளி. நண்பர் தாளில் 207 நாளாகக் கண்டதும் இதே விலகல்தான். காலம் மட்டும் வேறு.

இவை யாவும் 1900க்குப் பிந்திய தேதிகளுக்கு. சேர்வராயன் மலையின் எழுத்துச் சான்றுகளோ பெரும்பாலும் அதற்கு முந்தியவை. சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பியை அறிமுகம் செய்தது 1820களில். இக்காலத்துத் தேதிகளை எக்செல் ஏற்பதில்லை. ஏற்காட்டோடு தொடர்புடைய ஒருவரின் வாழ்நாளைக் கொண்டே பார்ப்போம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858இல் சேர்ந்து, தென்னிந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வித்திட்ட இராபர்ட் புரூஸ் ஃபுட் பிறந்தது 22-9-1834. கல்கத்தாவில் மறைந்தது 29-12-1912. இறுதிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்த அவருடைய சாம்பல் அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அடக்கப்பட்டது. அவர் வாழ்ந்த நாட்கள் எத்தனை?

22-9-1834 என்று தட்டினால் எக்செல் அதை எழுத்தாக வைத்துக்கொண்டு இடப்புறம் ஒதுக்கிவிடும். டேட் என்ற சார்பில் 1834, 9, 22 என்று கொடுத்தால் விளைவு விந்தையானது. 1900க்குக் குறைந்த ஆண்டைக் கண்டதும் அச்சார்பு அதனோடு 1900ஐக் கூட்டிவிடும். ஃபுட் பிறந்தது 3734ஆம் ஆண்டில் என்று ஆகிவிடும். இறப்பு பிறப்புக்கு ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தும்.

இதற்கு எளிய வழி, இரு தேதிகளிலும் 400 ஆண்டைக் கூட்டுவது. கிரிகோரியன் நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்பி வருகிறது. அக்காலத்தின் 146097 நாட்கள் ஏழாலும் மீதியின்றி வகுபடுவதால் கிழமையும் மாறுவதில்லை. 22-9-2234ஐ 29-12-2312இலிருந்து கழித்தால் 28587 நாட்கள்: 78 ஆண்டும் 98 நாளும். பிறைக் கணக்கில் அதுவே ஏறத்தாழ 80 ஆண்டும் 8 மாதமும். லிப்ரே ஆபிஸ் கால்க் இத்தேதிகளை நேரடியாகவே ஏற்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த வழி இம்மலையின் ஆங்கில ஆவணங்கள் அனைத்துக்கும் பொருந்தும். பிரித்தானியர் 1752இல் ஜூலியன் நாட்காட்டியைக் கைவிட்டனர். சேலம் அவர்கள் கைக்கு வந்தது 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி. ஆகவே சேலத்து ஆங்கிலப் பதிவுகளில் பழைய நாட்காட்டிச் சிக்கல் இல்லை. அதற்கு முந்திய மைசூர் ஆட்சி ஆவணங்களுக்கு இவ்வாய்பாடுகள் உதவா. 1780களில் திப்பு சுல்தான் மவ்லூதி என்னும் தனி ஆண்டுக் கணக்கைப் புழக்கத்தில் விட்டார். அதில் மாதம் பிறையை ஒட்டியும் ஆண்டு சூரியனை ஒட்டியும் செல்லும். அதற்குத் தனி அட்டவணைதான் வேண்டும்.

கழித்தல் கணக்கு வரலாற்றுச் செய்திகளைச் சோதிக்கவும் பயன்படுகிறது. சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1842இல் ஏற்காட்டைக் கண்டறிந்தார், அல்லது அளந்தார், என்று சுற்றுலா ஏடுகள் பலவற்றில் எழுதப்பட்டுள்ளது. மன்றோ பத்திகொண்டாவில் காலராவால் இறந்தது 6-7-1827. ஒரு நிரலில் இறப்பையும் மறுநிரலில் நிகழ்ச்சியையும் இட்டால் அவர் இறந்து பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் மலையேறினார் என்றாகிறது. இளமையில் பாராமகால் நிர்வாகத்தில் 1792 முதல் பணியாற்றியவர் ஆதலால் சேலத்தோடு அவருக்குத் தொடர்பு இருந்தது மெய். அதனால்தான் இச்செய்தியை எவரும் ஐயுறவில்லை போலும்.

மீண்டும் ஃபுட்டிடம் வருவோம். சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் அவர் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது 30-5-1863. நானூறு கூட்டி 30-5-2263 என்று இட்டால் கிழமை சனி. அதன் எண் 132734. 466579ஐக் கூட்டி, நானூறு ஆண்டின் 146097 நாட்களைக் கழித்தால் 453216. மேற்சொன்ன வாய்பாட்டில் இட, 1279 துல்ஹஜ் 11. அதாவது ஹஜ்ஜுப் பெருநாளின் மறுநாள். அவர் அந்தச் செம்மண் பரப்பில் குனிந்து கல்லை எடுத்த அன்று, சற்றுத் தொலைவிலுள்ள சென்னை முஸ்லிம்களின் வீடுகளில் குர்பானி நாட்கள் முடிந்திருக்கவில்லை.

இது அட்டவணை தரும் நாள். மெய்யாகவே அன்று 11ஆ, 12ஆ என்பது 1863 மே 18, 19 ஆகிய மாலைகளில் சென்னையில் எந்த மாலையில் பிறை தென்பட்டது என்பதைப் பொறுத்தது. நண்பரின் தாளில் 'அறிவிக்கப்பட்ட பிறை' என்று ஒதுக்கிய நிரலில், அந்த வரிக்கு நேரே உள்ள கட்டத்தை வெறுமையாகவே விட்டு வைத்திருக்கிறேன்.